சொந்தக் காசில் பணித் துப்பாக்கி: 9 எம்.எம்.மா, பாயிண்ட் 40-ஆ?

புதிதாகப் பணியில் சேர்ந்தவர்

வணக்கம். ஆயுதம் தாங்கிய பாதுகாப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் நிறுவனம் துப்பாக்கி தருவதில்லை. அவர்கள் பட்டியலில் இருப்பதை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். தோட்டாவின் விட்டத்தில், அதாவது கேலிபரில், 9 எம்.எம்., பாயிண்ட் 40, பாயிண்ட் 45 (இவை இரண்டும் அங்குலக் கணக்கு) மூன்றுக்கும் அனுமதி உண்டு. கையில் இருக்கும் பணத்துக்குப் புது 9 எம்.எம். பிஸ்டல் ஒன்று வாங்கலாம். அதைவிடக் குறைந்த விலையில், ஒரு காவல் துறை கழித்துவிட்ட பாயிண்ட் 40 நல்ல நிலையில் கிடைக்கிறது. கூட வேலை செய்யும் மூத்தவர்கள், 'தோட்டா பெரிதாக இருந்தால்தான் ஆள் விழுவான்' என்கிறார்கள். இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பயிற்சியாளர்

வாழ்த்துகள் தம்பி. அந்த மூத்தவர்கள் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது ஆதாரமே இல்லாத பேச்சு அல்ல. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகளுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டையில் இரண்டு ஏஜெண்டுகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயம்பட்டார்கள். கொள்ளையர்களில் ஒருவனின் கையைத் துளைத்துக்கொண்டு மார்புக்குள் போன 9 எம்.எம். தோட்டா, இதயத்தை எட்டும் முன்பே நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனாலும் அவன் அதற்கப்புறமும் சுட்டுக்கொண்டே இருந்தான். இதற்குப் பிறகுதான் எஃப்.பி.ஐ. 10 எம்.எம். பக்கம் போனது. முழு வேகத்தில் அது பலர் கைக்கு அடங்கவில்லை, வேகத்தைக் குறைத்தார்கள். வேகம் குறைந்த தோட்டாவுக்கு அவ்வளவு நீளமான கேஸ் (மருந்தை அடக்கிய உலோகக் குப்பி) எதற்கு என்று அதையும் சுருக்கி, 1990-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் பாயிண்ட் 40-ஐக் கொண்டுவந்தார்கள்.

மூத்தவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். அதே சண்டையால் இன்னொன்றும் நடந்தது. தோட்டாக்களைச் சோதிக்க எஃப்.பி.ஐ. ஒரு முறை வகுத்தது. 10 சதவீத ஜெலட்டின் கட்டியில், வெறுமனே ஒரு முறை, பிறகு கனத்த துணி, சுவர்ப் பலகை, பிளைவுட், இரும்புத் தகடு, கார்க் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக முன்னால் வைத்துச் சுட வேண்டும். தோட்டா குறைந்தது 12 அங்குலம் உள்ளே போக வேண்டும், 18-ஐத் தாண்டக் கூடாது. அதன் பிறகு தோட்டா தயாரிப்பவர்கள் இந்த அளவைக் குறிவைத்தே, பட்டதும் விரியும்படி முனை குழிந்த ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களை வடிவமைத்தார்கள். இன்றைய நல்ல 9 எம்.எம். தோட்டா இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. 2014-ல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவே 9 எம்.எம்.முக்குத் திரும்புவதற்கான காரணங்களை எழுதியது; 2016-ல் குளோக்கின் 9 எம்.எம். பிஸ்டல்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பல காவல் துறைகளும் அதே வழியில் போயின. உங்களுக்குப் பாயிண்ட் 40 மலிவாகக் கிடைப்பதற்கு இதுதான் பெரிய காரணம். மாறியவர்கள் கழித்ததெல்லாம் சந்தைக்கு வந்திருக்கிறது.

வேகக் கணக்கையும் பாருங்கள். 124 கிரெயின் எடையுள்ள 9 எம்.எம். நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் போகும். 180 கிரெயின் பாயிண்ட் 40 சுமார் 300 மீட்டர், 230 கிரெயின் பாயிண்ட் 45 சுமார் 260 மீட்டர். தோட்டா விரிந்த பிறகு இந்த மூன்றும் போட்ட துளைகளை அருகருகே வைத்தால், எது எந்தக் கேலிபர் என்று சொல்ல மருத்துவர்களே சிரமப்படுவார்கள். கைத்துப்பாக்கித் தோட்டா எதுவுமே ஆளைத் தூக்கி எறியாது. எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போனது, அவ்வளவுதான்.

'எங்கே பட்டது' என்பதில்தான் உங்கள் பணம் வேலை செய்ய வேண்டும். நியூயார்க் காவல் துறையைப் பற்றி ராண்ட் நிறுவனம் 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி, எதிராளியும் திருப்பிச் சுட்ட சம்பவங்களில் காவலர்கள் சுட்டதில் இலக்கில் பட்டது 18 சதவீதம். எதிராளி சுடாதபோதுகூட 30 சதவீதம்தான். பயிற்சி பெற்ற காவலர்களின் கணக்கு இது. படாமல் போன தோட்டா எந்தக் கேலிபராக இருந்து என்ன பயன்?

என் ரேஞ்சில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. பாயிண்ட் 40 வைத்திருக்கும் ஒருவர் முதல் மேகசினை (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) அழகாகச் சுடுவார். அரை மணி நேரம் போனதும், உதையை எதிர்பார்த்து, ட்ரிகரை அழுத்துவதற்கு முந்தைய கணத்திலேயே மணிக்கட்டு கீழே அமுங்கும், துளைகள் எல்லாம் இலக்கின் அடிப்பக்கமாக இறங்கும். அதே ஆளிடம் அதே அளவு 9 எம்.எம். பிஸ்டலைக் கொடுத்தால் இரண்டாவது, மூன்றாவது ரவுண்டு நேரமும் குறைகிறது, துளைகளும் நெருங்குகின்றன. திறமையானவர்களுக்கு வித்தியாசம் சிறிது. மாதத்துக்கு ஒரு முறை ரேஞ்சுக்கு வருபவருக்கு அது பெரியது.

அப்புறம் தோட்டா விலை. 9 எம்.எம். நேட்டோ நாடுகளின் பொதுத் தோட்டா, உலகம் முழுவதும் அதிக அளவில் தயாராகிறது, அதனால் கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் மலிவான வகை அது. பிஸ்டலை ஒரு முறைதான் வாங்குவீர்கள். தோட்டா வாங்குவது நிற்கவே நிற்காது.

பெண் காவலர்

சார் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கேலிபருக்கும் முன்னால் கை அளவைப் பாருங்கள் தம்பி. என் கை சிறியது. நான் சேர்ந்தபோது கொடுத்த பிஸ்டலில் இரட்டை வரிசை மேகசின், தடித்த பிடி. ட்ரிகரில் விரல் நுனி எட்ட வேண்டுமென்றால் பிடியைக் கொஞ்சம் சுற்றிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் உதை நேராக முன்கைக்குள் வராமல் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். தகுதித் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் அந்த மூட்டு வீங்கியே இருக்கும். என்னைப் 'பயப்படுகிறாள்' என்றார்கள். பயம் இல்லை, பிடி பொருந்தவில்லை.

பிடியின் பின்பக்கத் தகட்டை மாற்றிக்கொள்ளக்கூடிய பிஸ்டல் கைக்கு வந்ததும் சிறிய தகட்டைப் போட்டேன். அதே பெண், அதே ரேஞ்ச், தேர்வு மதிப்பெண் ஏறியது. இப்போது இந்த வசதி பல பிஸ்டல்களில் இருக்கிறது. கடையில் சும்மா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வாடகைக்கு எடுத்தோ, கூட வேலை செய்பவரிடம் கேட்டு அவர் முன்னிலையிலோ சுட்டுப் பாருங்கள். வலது கையால் மட்டும், இடது கையால் மட்டும், கையுறை போட்டுக்கொண்டு. ஒரு கையில் அடிபட்டால் மறு கைதான் மிச்சம். தளர்ந்த மணிக்கட்டோடு சுடும்போது ஸ்லைடு (முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) முழுதாகப் பின்னால் போகாமல் காலிக் கேஸ் மாட்டிக்கொள்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஓய்வு பெற்றவர்

எல்லோரும் துப்பாக்கியைப் பேசுகிறீர்கள், நான் உறையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவுப் பணி. போதையில் கத்திக்கொண்டிருந்த ஒருவரை நானும் இன்னொருவரும் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். என் இரண்டு கையும் அவர் தோளில். பின்னாலிருந்து அவருடன் வந்தவர் என் இடுப்பில் இருந்த பிஸ்டலின் பிடியை இரண்டு கையாலும் பற்றி மேலே இழுத்தார். பெல்ட்டோடு என் உடம்பே தூக்கிக்கொண்டது. பிஸ்டல் வரவில்லை. மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி முன்னால் தள்ளினால்தான் திறக்கும் உறை அது. நான் முழங்கையை மேலே போட்டு அவர் மணிக்கட்டை என் இடுப்போடு சேர்த்து அழுத்தித் திரும்பினேன், அதற்குள் நர்ஸ் கூப்பிட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு தோட்டாகூடச் சுடப்படவில்லை. யாரும் சாகவில்லை.

என் பணிக்காலம் முழுவதிலும் அந்தப் பிஸ்டல் சம்பந்தப்பட்ட மிக ஆபத்தான கணம் அதுதான். அப்போது கேலிபருக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே பணத்தைப் பிரிக்கும்போது பூட்டு உள்ள உறைக்கும் வளையாத பெல்ட்டுக்கும் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். இன்னொன்று, அபூர்வமான மாடல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் அதற்கு நல்ல உறையே கிடைக்காது. பிஸ்டலில் விளக்கு மாட்டப் போகிறீர்கள் என்றால் உறை விளக்கோடு சேர்த்து அளவெடுத்ததாக இருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் உறையை இரண்டு முறை வாங்குவீர்கள்.

பாயிண்ட் 40 வைத்திருப்பவர்

சகோ, நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன். இன்றும் பாயிண்ட் 40 தான் என் இடுப்பில். காரணம் எளிது, எங்கள் துறை பயிற்சிக்கும் பணிக்கும் பாயிண்ட் 40 தோட்டாவை இலவசமாகத் தருகிறது. அப்படியானால் பயிற்சியாளர் சார் சொன்ன விலைக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும். உங்கள் நிறுவனம் என்ன தருகிறது என்று முதலில் கேளுங்கள்.

காவல் துறை கழித்த பிஸ்டலைக் கண்டு பயப்படவும் வேண்டாம். அவை நிறையச் சுமக்கப்பட்டவை, குறைவாகச் சுடப்பட்டவை. ஸ்லைடின் முனையில் சாயம் தேய்ந்து வெள்ளையாகத் தெரியும், அது உறையில் உரசியது. உள்ளே பாருங்கள். குழலுக்குள் பள்ளம், ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் விரிசல், காலிக் கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் முனையில் உடைசல், இவை இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கையும் மேகசின் ஸ்பிரிங்குகளையும் எப்படியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். என்னுடையதில் விளக்கு மாட்டியதும் மூன்று, நான்கு ரவுண்டுக்கு ஒரு முறை தோட்டா ஏறாமல் நின்றது. புது மேகசின் ஸ்பிரிங் போட்டதும் சரியாகிவிட்டது. பாயிண்ட் 40-ல் ஸ்லைடு வேகமாக ஓடும், பழைய ஸ்பிரிங்கால் அடுத்த தோட்டாவை நேரத்துக்கு மேலே தள்ள முடியாது. இரவில் ஒளிரும் சைட் இருக்கிறது என்று கூடுதல் விலை கேட்டால், தயாரித்த வருடத்தைப் பாருங்கள். அதை ஒளிரவைக்கும் டிரிடியம் என்ற கதிரியக்க வாயுவின் ஒளி 12 வருடம் சொச்சத்தில் பாதியாகிவிடும்.

சில மாடல்களில் பாயிண்ட் 40 ஸ்லைடிலேயே 9 எம்.எம். மாற்றுக் குழலைப் போட்டு, 9 எம்.எம். மேகசினோடு மலிவாகப் பயிற்சி செய்யலாம். ரேஞ்சுக்கு மட்டும். பணிக்கு அதை எடுத்துப் போக மாட்டேன்.

புதிதாகப் பணியில் சேர்ந்தவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. விசாரித்துவிட்டேன். பணிக்கான ஹாலோ பாயிண்ட் தோட்டாவை மூன்று கேலிபரிலும் நிறுவனமே தருகிறது, பயிற்சித் தோட்டா என் செலவு. அதனால் 9 எம்.எம். என்று முடிவு செய்துவிட்டேன். அக்கா சொன்னபடி மூன்று மாடல்களைச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறேன். பாயிண்ட் 45 பக்கம் போகவில்லை. ஐயா, உறைக்குப் பணம் ஒதுக்கிவிட்டேன், விளக்கு அடுத்த வருடம் என்று நினைத்திருந்தேன், அதையும் இப்போதே சேர்த்துக்கொள்கிறேன். ஒரே சந்தேகம்: நிறுவனம் தரும் தோட்டா எண்ணி ஐம்பதுதான். தினமும் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியைக் காலி செய்து, மறுநாள் அதே தோட்டாவை ஏற்றலாமா?

பயிற்சியாளர்

நல்ல கேள்வி தம்பி. அதே தோட்டாவைத் தினமும் சேம்பரில் (சுடும் முன் தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) ஏற்றி இறக்கினால், ஒவ்வொரு முறையும் தோட்டாவின் முனை அதற்குள் ஏறும் சரிவில் மோதி, கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸுக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். 9 எம்.எம்., பாயிண்ட் 40 இரண்டுமே ஏற்கெனவே அதிக அழுத்தத்தில் இயங்கும் தோட்டாக்கள், அதனால் இதில் அலட்சியம் வேண்டாம். இறக்கிய தோட்டாவைப் புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உயரம் குறைந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள், அதைச் சுடவே கூடாது. குறையாவிட்டாலும் அதையே மறுபடி மேலே வைக்காமல் மேகசினின் அடியில் போட்டு, வேறொன்றை மேலே கொண்டுவாருங்கள். விதி அனுமதித்தால், பாதுகாப்பான பூட்டுப் பெட்டியில் ஏற்றியபடியே உறையோடு வைப்பது இன்னும் நல்லது, தேவையில்லாமல் கையாளுவது குறையும்.

அந்த ஐம்பதில் ஒரு மேகசின் அளவையாவது உங்கள் பிஸ்டலிலேயே சுட்டுப் பார்த்துவிடுங்கள். முனை குழிந்த தோட்டா உங்கள் மேகசினில் தடங்கலில்லாமல் ஏறுகிறதா என்று பணிக்குப் போகும் முன் தெரிய வேண்டும். கூடுதலாகத் தருவார்களா என்றும் நிறுவனத்தில் கேளுங்கள், சோதனைக்கு என்று காரணம் சொன்னால் பெரும்பாலும் தருவார்கள். மற்றபடி, வீட்டில் காலித் துப்பாக்கியோடு ட்ரிகர் பயிற்சி செய்யுங்கள், அதற்குச் செலவே இல்லை. மேகசினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்த பிறகு. முடித்துவிட்டுத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றியாகிவிட்டால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது, 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று மறுபடி எடுக்காதீர்கள்.