தறிச்சத்தம் நின்ன பிறகும் காதுல இரைச்சல், என்ன செய்யலாமுங்க?

தறிக்காரன் (அம்மாபேட்டை):
வணக்கமுங்க. வயசு 39. பதினேழு வருசமா விசைத்தறி ஓட்டுறேன். கூடத்துல எட்டுத் தறி, பத்து மணி நேர ஷிப்டு.

போன ஞாயிறு குடும்பத்தோட ஏற்காடு போனோம். கொண்டை ஊசி வளைவு ஏற ஏற எல்லாருக்கும் காது அடைச்சுது, எச்சில் முழுங்கினதும் விட்டுருச்சு. எனக்கும்தான். ஆனா பகோடா பாயிண்ட்ல பனி மூடி, இலை அசையாம நிக்கிறப்ப என் ரெண்டு காதுலயும் ‘ஙொய்’னு ஓயாத இரைச்சல். தறி ஓடுறப்ப அது தெரியறதே இல்ல.

எம் பொண்ணு நாலாவது படிக்குது. ‘அப்பா, காப்பிச் செடில பழம் பாரு’ன்னு மூணு தடவ சொல்லியிருக்கா. குரல் கேக்குது, என்ன சொல்றான்னு பிரியல. மச்சான் பேசினா நல்லாப் புரியுது. கொழந்த பேசினாத்தான் இப்படி. மனசே கெட்டுப்போச்சு.

பூண்டு காய்ச்சின நல்லெண்ணெய் விடச் சொல்றாங்க அம்மா. விடலாமா? பஞ்சு வெச்சுத்தான் ஓட்டுறேன். வேற தொழிலும் தெரியாது.

கொண்டலாம்பட்டி அண்ணன்:
தம்பி, எண்ணெய் வேண்டாம். நான் விட்டேன். உள்ளே சவ்வுல ஓட்டை இருந்தது தெரியாம விட்டு, சீழ் வெச்சு ஒரு மாசம் அலைஞ்சேன்.

எனக்கு 52. டிவி சத்தத்துக்கு வீட்டுல சண்டை வந்தப்பக்கூட, அவங்க மெதுவாப் பேசுறாங்கன்னுதான் நெனச்சேன். காது டெஸ்ட் எடுத்தப்பதான் தெரிஞ்சுது. போனது வராதுன்னு டாக்டர் சொன்னப்ப ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. நீங்க 39லயே கேக்குறீங்களே, அது நல்லது. பஞ்சை நம்பாதீங்க, அது தூசியத்தான் தடுக்கும், சத்தத்தத் தடுக்காது.

காது பரிசோதகர் (ஃபேர்லேண்ட்ஸ்):
அண்ணன் சொன்னது சரி. உள்காதுல இருக்கற நுண்மயிர் செல்கள் செத்தா மறுபடி முளைக்காது. முதல்ல போறது உச்ச சுருதி. அதனாலதான் ‘ச’, ‘ஸ’, ‘ஃப’ மாதிரி மெல்லிய ஒலியும் குழந்தைங்க பேச்சும் பிரியாம, ஆம்பளைங்க குரல் மட்டும் பிரியுது.

85 டெசிபல்ல 8 மணி நேரம் தாங்கலாம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. தறிக்கூடம் 90ஐத் தாண்டறது சாதாரணம்.

ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேக்குதுன்னு காட்டற காது டெஸ்ட், எடுங்க. லீவு நாளுக்கு மறுநாள் காலையில, தறிக்குப் போறதுக்கு முன்னாடி போங்க. ஷிப்டு முடிச்ச கையோட வந்தா, காது தற்காலிகமா மந்தமா இருந்து, இருக்கறதவிட மோசமாக் காட்டும். அரசு ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவுல கேளுங்க. ஒண்ணு மட்டும் கவனம்: திடீர்னு ஒரு காது கேக்காமப் போச்சுன்னா அன்னைக்கே போகணும், நாள் தள்ளக் கூடாது.

தறிக்காரன் (அம்மாபேட்டை):
ரொம்ப நன்றிங்க. காதை அடைச்சுட்டா நூல் அறுந்தது, நாடா (குறுக்கு நூலை இழுத்துட்டு ஓடுற கட்டை) மக்கர் பண்றது எப்படித் தெரியும்? சத்தம் மாறுறத வெச்சுத்தானே ஓடிப்போயி நிறுத்துறோம்.

கொண்டலாம்பட்டி அண்ணன்:
எனக்கும் அதே பயம் இருந்துச்சு. காதுக்கு மேல மாட்டுற மஃப் நம்ம ஊர் வெக்கைக்கு ஆகல, வேர்வை ஊத்துது. நுரை அடைப்பான் வாங்குனேன். கையக் கழுவிட்டு விரல்ல உருட்டி மெலிசாக்கி, மறு கையால காது மடல மேலயும் பின்னாடியும் இழுத்துப் புடிச்சு உள்ள விடணும். அரை நிமிசம் விரலை எடுக்காதீங்க, அது உள்ள உப்பும். சும்மா வாசல்ல சொருகுனா பிரயோசனமில்ல.

மொத வாரம் ரெண்டு தடவ பாவு (நீளவாக்குல ஓடுற நூல்) அறுந்தத கவனிக்காம விட்டுட்டேன், துணி வீணாச்சு. பதினஞ்சு நாள்ல காது பழகிடுச்சு. நாடா அடிக்கிற ‘தட்’ நல்லாவே கேக்குது, அதோட தாளம் தப்பினா இப்பவும் தெரியுது. தார் (நாடாவுக்குள்ள வெக்கிற நூல்கண்டு) மாத்தறப்ப அடைப்பானக் கழட்டாதீங்க, பக்கத்துத் தறி ஓடிட்டுத்தான் இருக்கும்.

பாப்பாகிட்ட சொல்லுங்க, முதுகுப் பக்கம் இருந்து கூப்பிடாம முன்னால வந்து மொகம் பாத்துப் பேசட்டும். வெளிச்சம் அவ மேல விழற மாதிரி நீங்க உக்காருங்க. எம் பேத்தி இப்ப அப்படித்தான் பேசுறா.