தொக்குக்கு ருசியான நீட்டுத் தக்காளி எந்த ரகம் போடலாம்?

மாடித்தோட்ட மக்களே ஒரு ஹெல்ப். கடையில வர்ற பெங்களூர் தக்காளி பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தொக்கு வச்சா புளிப்பும் இல்ல வாசமும் இல்ல, தோலு மட்டும் சுருண்டு சுருண்டு எண்ணெயில மிதக்குது. பெரியகுளம் பிகேஎம் 1 ரகத் தக்காளிய வீட்லயே போட்டேன், ரசத்துக்கு அதை அடிச்சிக்க ஆளில்ல, ஆனா தொக்கு சுண்டுறதுக்குள்ள சிலிண்டர் தீந்துடும் போல. அதான் சதைப்பத்தா, விதை கம்மியா இருக்குற வெளிநாட்டு ரகம் எதாச்சும் பாக்குறேன்.

ரோமா புதரா நிக்கும், க்ரோ பேக்குக்குத் தோது, மொத்தமா காச்சு முடிச்சிடும். ருசில பெரிய பேரு சான் மர்சானோவுக்குத்தான், இத்தாலியில நேப்பிள்ஸ் பக்கம் வெசுவியஸ் எரிமலை மண்ணுல விளையுறது, ஆனா கொடி மாதிரி ஏறிக்கிட்டே போகும், தண்ணி முன்னப்பின்ன ஆனா காயோட அடி கறுத்து அழுகிடும். ராத்திரிகூட சூடு எறங்காத மதுரையில பூ கொட்டாம நிக்குமா? ஆவணி கடைசில விதைச்சா மார்கழிக்குள்ள காய் பிடிக்குமா? போட்டுப் பாத்தவங்க சொல்லுங்க.

நாட்டு ரகத்துலயே நீட்டமா சதையா இருந்தா இன்னும் சந்தோஷம். விதை எடுத்து வச்சிருந்தா கூரியர் செலவு நான் தர்றேன், ஹைப்ரிட் மட்டும் வேணாம்ப்பா.