மறுமொழி: ஹைப்போரெஸ்பான்சிவ்னஸ் — தமிழில்?

நண்பர்களே, மொழிபெயர்க்க வேண்டிய மருத்துவப் பாடநூலில் ஓர் அத்தியாயம் என் கையில் இருக்கிறது. வெள்ளிக்குள் தர வேண்டும். குடற்புழு உள்ளவர்களுக்குப் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), வாய்வழிக் காலரா தடுப்பு மருந்து போன்றவை கொடுத்தால் உடலின் எதிர்வினை சில நேரம் குறைந்துபோகிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் ஹைப்போரெஸ்பான்சிவ்னஸ் என்கிறார்கள். ‘தடுப்பூசி மந்தம்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

---

> தடுப்பூசி மந்தம்

ஊசி போடும் பணி மந்தமாக நடப்பதாக அல்லவா படுகிறது! மேலும் மந்தம் வடசொல். ‘மழுங்கல்’ இருக்க அது எதற்கு? மழி, மழுங்கு, மொழுமொழு எல்லாம் ஒரே வேர் என்பது என் கட்சி. மழித்தாலும் வழவழப்பு, முனை போனாலும் வழவழப்பு. அப்படியானால் கூரான கோடரிக்கு மழு என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்பீர்கள். அதற்குத் தனி மடல் போடுகிறேன்.

---

ஐயா, மழுங்கல் அழகுதான், ஆனால் பாதி உண்மை. நெடுநாள் குடியிருக்கும் புழு, தன்னைத் தாக்காதிருக்க நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்காற்று டி செல்களையும், அதே வேலையைச் செய்யும் இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்தையும் பெருக்குகிறது. அந்த அடக்கம் பின்னால் வரும் தடுப்பூசியையும் தொடுகிறது. பி.சி.ஜி.க்கு வேண்டிய டிஎச்1 (செல்லுக்குள் புகும் கிருமிகளை எதிர்க்கும் வகை) பக்கம் இளைக்க, டிஎச்2 (புழுக்களை எதிர்க்கும் வகை) பக்கம் தராசு சாய்கிறது. அந்தப் பக்கத்தைச் சேர்ந்த இயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்களும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளும் ஏறியே இருக்கும். மழுங்கல் என்றால் என் மாணவர்கள் எல்லாமே குறைந்ததாக எழுதிவைப்பார்கள்.

அப்புறம், ‘குடற்புழு’ வேண்டாம். சிஸ்டோசோமா என்ற புழு இரத்தக் குழாயில் வாழ்கிறது, யானைக்கால் புழு நிணநீர்க் குழாயில். ‘ஒட்டுண்ணிப் புழு’ போதும்.

---

ஒட்டுண்ணி என்றதும் எனக்கு மாட்டின் காதில் தொங்கும் உண்ணிதான் தெரிகிறது. கிருமி என்ற சொல்லின் பழைய பொருளே புழுதான். நாம்தான் அதைப் பாக்டீரியாவுக்குத் தாரைவார்த்துவிட்டோம்.

காரணமும் பெயரிலேயே தெரிய ‘புழுத்தணிவு’ என்றால் என்ன?

---

காரணத்தைப் பெயரில் பூட்டாதீர்கள், அம்மா. ஈக்வடாரில் உருளைப்புழு இருந்த பிள்ளைகளுக்கு முதலில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்து கொடுத்தபோது காலரா தடுப்பு மருந்துக்கான எதிர்வினை கூடியது. 2000இல் வந்த ஆய்வு. உகாண்டாவின் என்டெபியில் கர்ப்பிணிகளுக்குப் புழு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த குழந்தைகளின் தடுப்பூசி எதிர்வினை அதனால் மாறவில்லை. அது 2011. எந்தப் புழு, எந்த ஊசி, யாருக்கு என்பதைப் பொறுத்த விஷயம் இது. ‘குறை எதிர்வினை’ என்று வெறுமனே சொல்லுங்கள்.

---

வெள்ளி வந்துவிட்டது. நால்வர் ‘குறை எதிர்வினை’ என்கிறார்கள். அதையே போட்டு, ‘ஒட்டுண்ணிப் புழு’வுடன் அனுப்பிவிட்டேன். டிஎச்1இலிருந்து டிஎச்2க்குச் சாயும் திசைமாற்றத்தை அடுத்த பத்தியில் விளக்கியிருக்கிறேன்.

---

> குறை எதிர்வினை

இது வினைத்தொகையா? அப்படியானால் குறைந்த, குறைகிற, குறையும் என முக்காலமும் வருகிறது. ஒரு வேளை மருந்து கொடுத்ததும் புழு போய்விட்டால் எதிர்காலத்தை என்ன செய்வீர்கள்? என் வாக்கு மழுங்கலுக்கே. கோடரி மடல் ஞாயிறன்று வரும்.