பையர் பிளாக்செயின் டிரேசபிலிட்டி கேட்கிறார்: நிட்டிங் ஜாப் ஒர்க் யூனிட் என்ன செய்வது?

பல்லடம் நிட்டிங்:
வணக்கம். பல்லடம் பக்கம் நிட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறேன், அதாவது மற்றவர் தரும் நூலைக் கூலிக்குத் துணியாகப் பின்னித் தருகிறேன். எனக்கு ஆர்டர் தரும் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்திருக்கிறது. ஜெர்மனிக்குப் போகும் ஆர்கானிக் காட்டன் டி-ஷர்ட்டுக்கு சரக்கு எங்கிருந்து எங்கே போனது என்று தடம் பார்க்க (டிரேசபிலிட்டி), ஒவ்வொரு லாட்டையும் பிளாக்செயின் தளம் ஒன்றில் ஏற்ற வேண்டுமாம். ஏற்றிய பதிவைப் பிறகு யாரும் ரகசியமாக மாற்ற முடியாத, பலர் பகிரும் டிஜிட்டல் கணக்குப் புத்தகம்தான் அது. எந்த மில் நூல், உள்ளே வந்தது எத்தனை கிலோ, துணியாகப் போனது எத்தனை கிலோ, டெலிவரி சலான் போட்டோ, எல்லாமே. இப்போது என்னிடம் இருப்பது சலான் புத்தகமும் டேலி கணக்கு சாப்ட்வேரும்தான். இதனால் போலி ஆர்கானிக் உண்மையிலேயே குறையுமா, இல்லை நமக்கு டேட்டா என்ட்ரி வேலை கூடுவதோடு சரியா? என் கூலி ரேட் பையருக்குத் தெரிந்துவிடுமா?

மெர்ச்சண்டைசர்:
இனி இதைத் தவிர்க்க முடியாது நண்பரே. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈகோடிசைன் சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன்கீழ் துணிகளுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது ஸ்கேன் செய்தால் பொருளின் விவரம் தெரியும் பதிவு, வரப்போகிறது. அமெரிக்காவில் 2022 ஜூனிலிருந்து உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பஞ்சு என்று சந்தேகம் வந்தால் துறைமுகத்திலேயே சரக்கை நிறுத்திவிடுவார்கள். இரண்டு சட்டமும் பிளாக்செயின்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. அமெரிக்கச் சட்டம் பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் கேட்கிறது, ஐரோப்பியச் சட்டம் பொருளின் விவரங்களை டிஜிட்டலில் கேட்கப்போகிறது. அதற்குப் பையர்கள் தேர்ந்தெடுத்த வழிகளில் இதுவும் ஒன்று.

வேடசந்தூர் நூல்காரர்:
தம்பி, ஸ்பின்னிங் மில்லில் சர்டிபிகேஷன் வேலையிலேயே வருஷக்கணக்காக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆர்கானிக் துணிக்கு உலக அளவில் தரச்சான்று விதிகள் வைத்திருக்கும் ஜிஓடிஎஸ் அமைப்பு 2020 அக்டோபரில் வெளியிட்ட விஷயம் நினைவிருக்கிறதா? இந்தியாவில் சுமார் 20,000 டன் பஞ்சு போலி டிரான்சாக்ஷன் சர்டிபிகேட்டில் (ஒவ்வொரு விற்பனைக்கும் ஆர்கானிக் சரக்குதான் என்று தரும் சான்றுச் சீட்டு) ஆர்கானிக் என்று விற்கப்பட்டிருந்தது. அந்தச் சீட்டில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் மத்திய அரசின் ஏற்றுமதி அமைப்பான அபேடா ஆர்கானிக் சரக்கைத் தடம் பார்க்க நடத்தும் டிரேஸ்நெட் தளம் போலவே இருக்கும் ஒரு போலித் தளம் திறந்தது. பதினொரு கம்பெனிகளுக்குத் தடை விழுந்தது. இந்த மாதிரி சீட்டு மோசடியைப் பிளாக்செயின் நன்றாகவே தடுக்கும். டெக்ஸ்டைல்ஜெனிசிஸ் போன்ற டிரேசபிலிட்டி தளங்களில் ஒரு கிலோ இழைக்கு ஒரு டிஜிட்டல் டோக்கன். மில் நூலை விற்றால் டோக்கனும் கூடவே போகும். அதே ஆயிரம் கிலோவை இரண்டு பேருக்குக் காட்டி விற்க முடியாது.

தடுக்காதது மூட்டை பிரிக்கும் இடம். மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமில் ஆர்கானிக் பேலோடு (பஞ்சு மூட்டை) சாதாரண பேலையும் சேர்த்துப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. பஞ்சின் தரம் பார்க்கும் எச்விஐ மெஷினும் இழையின் நீளம், பலம், மைக்ரோனேர் (நுண்மை அளவு) சொல்லுமே தவிர ஆர்கானிக்கா என்று சொல்லாது. பஞ்சாக இருக்கும்போது ஆர்கானிக்கில் இருக்கக் கூடாத பிடி மரபணு (மரபணு மாற்றிய பருத்தியில் இருப்பது) இருக்கிறதா என்று லேபில் பார்க்கலாம். சாயம் ஏறிய துணியில் அந்தச் சோதனையை நம்ப முடியாது. ஆகவே ஜின்னிங்கிலும் (பருத்தியிலிருந்து விதை பிரிக்கும் இடம்) மில்லிலும் முன்னறிவிப்பு இல்லாமல் ஆள் போய் சாம்பிள் எடுக்க வேண்டும். அதற்குச் செலவு செய்யாத பையர், தளத்துக்கு எவ்வளவு கொட்டினாலும் வீண்.

இடையில் உதவுவது எடைக் கணக்கு. 100 கிலோ பஞ்சுக்குக் கோம்டு நூல் (குட்டை இழைகளைச் சீவி எடுத்த நூல்) சுமார் 70 கிலோ வரும். யாராவது 90 என்று ஏற்றினால் அங்கேயே இடிக்கும். உங்கள் நிட்டிங்கில் கழிவு ஒன்றிரண்டு சதவீதம், சாயப்பட்டறையில் இன்னும் கொஞ்சம், கட்டிங்கில் நிறைய. எல்லோரும் உண்மையான கழிவை எழுதினால்தான் இந்தச் சங்கிலிக்கு உயிர்.

இன்னொன்று எனக்கு மனதை உறுத்துகிறது. டோக்கன் கிலோவைத்தான் எண்ணும். அந்த நூலை ஓட்டிய பெண் மில் ஹாஸ்டலை விட்டு வெளியே போக முடிந்ததா, ஓவர்டைம் கூலி கைக்கு வந்ததா என்பது அதில் இல்லை. கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லிச் சில வருஷம் மில்லில் வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்தின் பேரில் எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பட்டதைப் பார்த்தவன் நான். டி-ஷர்ட்டில் க்யூஆர் இருக்கிறது, ஆகவே எல்லாம் நியாயமாக நடந்தது என்று ஜெர்மனியில் ஒருவர் நினைத்தால், அவரிடம் பாதி உண்மைதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. தொழிலாளர் ஆடிட் தனியாக, ஒழுங்காக நடந்தே ஆக வேண்டும்.

ரேட் விஷயம்: விலை இல்லாத சலானை மட்டும் ஏற்றுங்கள். பில், இ-வே பில் வேண்டாம், அதில் மதிப்பு இருக்கும். யார் யாருக்கு எது தெரியும் என்பதை எக்ஸ்போர்ட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பல்லடம் நிட்டிங்:
ரொம்ப நன்றிங்க அண்ணா. ஒரே சந்தேகம். லாட் முடிந்ததும் மீதிக் கோன் (நூல் சுற்றிய கூம்பு) கொஞ்சம் நிற்கும். வழக்கமாக அடுத்த ஆர்டரில் ஓட்டிவிடுவோம். அதை எப்படிக் காட்டுவது? தளத்துக்குக் கட்டணம் யார் கட்டுவது?

வேடசந்தூர் நூல்காரர்:
மீதிக் கோனை அப்படி ஓட்டாதீர்கள், பெரும்பாலும் கலப்பு நடப்பதே அங்கேதான். லாட் நம்பர் ஸ்டிக்கரோடு தனி ரேக்கில் வைத்து, எடை போட்டு 'மீதி' என்று ஏற்றுங்கள். அல்லது சலான் போட்டு எக்ஸ்போர்ட்டருக்கே திருப்பி அனுப்புங்கள். கட்டணத்தை அவர்தான் ஏற்க வேண்டும். டேட்டா என்ட்ரிக்கு ஆள் வைத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலியில் சேர்த்துக் கேளுங்கள். ஆர்டர் ஓடும்போது கேட்டால் கிடைக்காது, இப்போதே பேசிவிடுங்கள்.