1995-ல் ஜப்பான்: கோபே, சாரின், மோஞ்சு மூன்றையும் ஒரே சரடில் கோர்க்கலாமா?

ஏடகம்:
நூலக வாசகர் வட்டத்துக்காக 1995-ம் ஆண்டின் ஜப்பான் பற்றி ஒரு கட்டுரை தயாராகிறது. ஜனவரி 17 கோபே நிலநடுக்கம், மார்ச் 20 டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழு நடத்திய சாரின் (நரம்பைத் தாக்கும் நஞ்சு) தாக்குதல், டிசம்பர் 8 திரவ சோடியத்தால் வெப்பம் கடத்தும் மோஞ்சு அணு உலையில் சோடியக் கசிவு. மூன்றிலும் முதல் சில மணி நேரத் தாமதம்தான் சேதத்தைப் பெரிதாக்கியது என்று வாதிடலாமா? தேதிப் பட்டியலாக மட்டும் எழுத மனமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பியும் கான்கிரீட்டும்:
கோபேவுக்கு அந்த வாதம் பாதிதான் பொருந்தும். ராணுவ உதவி கேட்டு கோபே அடங்கிய ஹியோகோ மாகாண ஆளுநரின் கோரிக்கை போனது காலை 10 மணிக்கு. நிலம் குலுங்கியதோ 5:46-க்கு. இந்த நான்கு மணி நேரம் பெரிய குறைதான், அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் நேரடியாக இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் இடிபாட்டில் நசுங்கியோ மூச்சுத் திணறியோ போனவர்கள். அவர்களில் பெரும்பாலோரின் உயிர் முதல் கால் மணி நேரத்திலேயே பிரிந்துவிட்டது. எவ்வளவு வேகமாக ஆள் வந்திருந்தாலும் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது. அவர்களைக் கொன்றது வீடு.

பழைய மரவீடுகளில் கூரை ஓட்டுக்கு அடியில் ஒரு அடுக்கு களிமண் இருக்கும். புயலில் ஓடு பறக்காமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. நிலநடுக்கத்தில் அதே எடை தலைக்கு மேல் ஊசலாடும். தெருப்பக்கம் கடையோ அகலமான கதவோ வைத்திருந்தால் அங்கே சுவரே இருக்காது, தூண்தான். கீழ்த்தளம் அந்தப் பக்கம் மடங்கி, மாடி அப்படியே அதன்மேல் உட்கார்ந்தது. 1981-ல் வந்த புதிய கட்டட விதிக்குப் பிறகு கட்டியவை பெருமளவு தாக்குப்பிடித்தன. முன்பு கட்டியவைதான் விழுந்தன. கோபே மாநகராட்சியின் இரண்டாம் கட்டடத்தில் 6-வது தளம் மட்டும் நசுங்கியதற்கும் பழைய விதிமுறையே முக்கியக் காரணம்.

ஹான்ஷின் விரைவுச் சாலையில் 635 மீட்டர் நீளம் பக்கவாட்டில் சாய்ந்ததே, அந்தத் தூண்களையும் கவனியுங்கள். நெடுக்குக் கம்பிகளில் ஒரு பகுதியைத் தூணின் உச்சி வரை கொண்டுபோகாமல் நடுவிலேயே நிறுத்தியிருந்தார்கள். சுற்றுக் கம்பிகள் இடைவெளி விட்டு, குறைவாக இருந்தன. விரிசல் அந்த மாறும் இடத்தில்தான் தொடங்கியது. பழைய கட்டடங்களைப் பரிசோதித்து வலுப்படுத்துவதற்கான சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 25-ல் நடைமுறைக்கு வந்தது. என் பார்வையில் கோபேயின் உண்மையான விளைவு அதுதான், ஆளுநரின் தாமதத்தைவிட அதற்கு அதிக இடம் கொடுங்கள்.

ஏடகம்:
நன்றி. கோபேயின் நாகாதா வட்டாரத்தில் தீ அவ்வளவு நேரம் எரிந்ததற்கும் கட்டடம்தான் காரணமா?

கம்பியும் கான்கிரீட்டும்:
நெருக்கமான மரவீடுகள் ஒரு காரணம். நிலத்தடிக் குழாய்கள் உடைந்து தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் வராமல் போனது இன்னொன்று. பலர் விட்டுவிடுவது மூன்றாவதை: மின்சாரம் திரும்ப வந்தபோது பிடித்த தீ. கவிழ்ந்த ஹீட்டர் துணிமேல் கிடக்கும், நசுங்கிய ஒயர் சுவருக்குள் இருக்கும். வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். காரணம் கண்டறியப்பட்ட தீகளில் பாதிக்கு மேல் மின்சாரம் சார்ந்தவை. வீட்டை விட்டு ஓடும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகச் சொல்வதும், அதிர்வை உணர்ந்து தானே துண்டிக்கும் பிரேக்கரும் ஜப்பானில் வலியுறுத்தப்படுவது இந்த அனுபவத்தால்தான்.

நச்சியல் குறிப்பு:
உங்கள் சரடு நன்றாகப் பொருந்துவது சாரினுக்கு. மூன்று பாதைகளில் (ஹிபியா, மருனோஉச்சி, சியோடா) ஐந்து ரயில்கள், மொத்தம் 11 பைகள். செய்தித்தாளில் சுற்றித் தரையில் போட்டு, கூராக்கிய குடை முனையால் அந்தக் குழுவினர் குத்தினார்கள். காலை 8 மணி நெரிசல், எல்லாம் அரசு அலுவலகங்கள் நிறைந்த கசுமிகாசெகியை நோக்கி.

கொடென்மாச்சோ நிலையத்தில் ஒரு பயணி பொட்டலத்தைக் காலால் தள்ளி நடைமேடைக்கு வெளியேற்றினார். வண்டிக்குள் தேங்கிய திரவத்தோடு ரயில் கிளம்பிப் போனது. பொட்டலம் நடைமேடையில் ஆவியாகிக்கொண்டிருந்தது. என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாததால் மருனோஉச்சி பாதையில் ஒரு வண்டி 9:27 வரை ஓடியது.

முதலில் பரவிய தகவல் அசிட்டோநைட்ரைல் (ஒரு கரைப்பான் வேதிப்பொருள்) என்பது. காவல்துறை சாரின் என்று அறிவித்தது 11 மணி வாக்கில். இடைப்பட்ட நேரத்தில் மருத்துவர்களுக்குக் கிடைத்த துப்பு ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணிகள்தான். முந்தைய ஆண்டு மட்சுமோட்டோ நகரில் இதே நஞ்சைச் சந்தித்த மருத்துவர்கள் தொலைபேசியில் எச்சரித்தது பெரிய உதவி. அட்ரோபின் என்ற மருந்து உடலின் மிகைச் சுரப்புகளைக் கட்டுப்படுத்தும், ஆனால் நஞ்சு பிடித்த நொதியை விடுவிப்பது பாம் (PAM) என்ற மருந்து. அதைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும். சில மணி நேரம் கடந்தால் அந்தப் பிணைப்பு இறுகி, மருந்து பயன்படாது. தாமதம் இங்கே நேராக உடலில் வேலை செய்கிறது.

செயின்ட் லூக் மருத்துவமனைக்கு அன்று 640 பேர் வந்தார்கள். உடையைக் களைந்து கழுவாமல் உள்ளே எடுத்ததால் ஊழியர்களுக்கும் பாதிப்பு வந்தது, காற்றோட்டம் குறைந்த தேவாலயக் கூடத்தில் பணியாற்றியவர்களுக்கு அதிகமாக. பெருந்தாக்குதல் வந்தால் வாசலிலேயே கழுவும் இடம் வேண்டும் என்பதை மருத்துவமனைகள் கற்றுக்கொண்டது இங்கிருந்து.

சோடியம்:
மோஞ்சுவில் தாமதம் கட்டாயம் இடம்பெற வேண்டும். எச்சரிக்கை மணி 19:47-க்கு அடித்தது. உலையை நிறுத்தியது 21:20. சிறு கசிவு என்று முடிவுகட்டி, மெதுவாகத் திறன் குறைக்கும் நடைமுறையில் போனார்கள். காற்றோட்ட விசிறிகள் அதற்குப் பிறகும் ஓடியதால் சோடியப் புகை கட்டடத்துக்குள் பரவியது.

மூல காரணம் ஒரு சிறிய பாகம். இரண்டாம் சுற்றுக் குழாயில் (உலைக்கருவைத் தொடாத சோடியம் ஓடும் குழாய்) வெப்பம் அளக்கும் கருவிக்கு ஓர் உறை செருகியிருந்தது. அதன் நடுவில் விட்டம் சட்டென்று குறையும் படி இருந்தது. ஓடும் சோடியம் அதை இடைவிடாமல் அதிரவைக்க, அந்தப் படியில் களைப்பு விரிசல் விழுந்து முனை முறிந்தது. சுமார் 640 கிலோ சோடியம் வெளியே வந்து காற்றில் எரிந்தது. தரையில் எஃகுத் தகடு இல்லாமல் கான்கிரீட்டைத் தொட்டிருந்தால், அதிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வந்திருக்கும். அது இரண்டாம் சுற்று, கதிரியக்கப் பாதிப்பு இல்லை. மக்கள் நம்பிக்கையை உடைத்தது இயக்கும் நிறுவனம் கசிவு நடந்த இடத்தின் காணொளியை வெட்டிக் காட்டியது. 2010-ல் மீண்டும் தொடங்கி, 2016 டிசம்பரில் மூட முடிவானது.

யென் கணக்கு:
கட்டுரை 1995-ஐப் பற்றியது என்பதால் பொருளாதாரத்தையும் சேருங்கள்: ஏப்ரல் 19-ல் ஒரு டாலர் 79.75 யெனுக்கு இறங்கியதையும் செப்டம்பரில் வங்கிக் கழிவு விகிதம் (மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 0.5 சதவீதமானதையும் விடாதீர்கள். 15 முதல் 64 வயது மக்கள்தொகை, சுமார் 8.7 கோடி, உச்சம் தொட்டதும் அந்த ஆண்டுதான்.

எண்களில் ஒரு எச்சரிக்கை. பழைய புத்தகங்களில் கோபே 7.2 ரிக்டர், 5,500 சொச்சம் சாவு என்று இருக்கும். ஜப்பான் வானிலை முகமையின் திருத்திய அளவு 7.3. பின்விளைவால் இறந்தவர்களையும் சேர்த்த எண்ணிக்கை 6,434. சாரினுக்கு 12, 13 என்று பார்ப்பீர்கள். 2020-ல் ஒருவர் நீண்ட சிகிச்சைக்குப் பின் இறந்ததால் இப்போது 14.