மரண தண்டனை வழக்கின் ஜூரி தேர்வுக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா?

ஹூஸ்டன்வாசி

இங்கே அமெரிக்காவில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்குப் பொதுமக்களிலிருந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு வரும் சம்மன், கேள்வித்தாள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நேரே விஷயத்துக்கு வருகிறேன். டெக்சாஸில் மரண தண்டனை கேட்கும் வழக்கென்றால் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். என்னைச் சாட்சி உட்காரும் இடத்தில் உட்கார வைத்தார்கள். எதிரே குற்றம் சாட்டப்பட்ட அந்தப் பையன். புதுச் சட்டை, பாக்கெட்டிலிருந்து பிரித்த மடிப்பு நெஞ்சுக்குக் குறுக்கே அப்படியே இருந்தது. இஸ்திரி போட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை போல.

அரசு வக்கீல் கேட்டார்: "இவர்தான் கொலை செய்தார் என்று நாங்கள் நிரூபித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இவர் உயிர் போகும் என்று தெரிந்தே உங்களால் அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியுமா?" என் கண் அந்த மடிப்பை விட்டு நகரவில்லை. "தெரியவில்லை" என்றேன். மறுபடி கேட்டார். "முடியாது என்றுதான் நினைக்கிறேன்." ஜட்ஜ் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

என்னை உறுத்துவது இதுதான். வழக்கே இன்னும் ஆரம்பிக்கவில்லை, ஒரு சாட்சி கூட வரவில்லை. அதற்குள் தண்டனையைப் பற்றி இத்தனை பேச்சு. இதையெல்லாம் கேட்டுவிட்டு உள்ளே போகும் பன்னிரண்டு பேருக்கு, 'அவன்தான் செய்திருப்பான்' என்று பாதி மனசு ஆகிவிடாதா?

டாலஸ் சுந்தர்

நண்பரே, "தெரியவில்லை" என்ற இடத்திலேயே அரசுத் தரப்புக்கு வேலை முடிந்தது. மரண தண்டனை பிடிக்காது என்பதற்காக மட்டும் ஒருவரை நீக்கக் கூடாது என்று விதர்ஸ்பூன் வழக்கில் 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1985-ல் விட் வழக்கு அதைத் தளர்த்தியது: அந்தக் கருத்து ஜூரியின் கடமைக்குக் கணிசமாகக் குறுக்கே வரும் என்று ஜட்ஜுக்குப் பட்டால் போதும், நீக்கிவிடலாம். உங்கள் தயக்கம் அந்த ஓட்டையில் விழுந்தது.

எனக்கும் இதே கேள்வி வந்தது. "பிடிக்காது, ஆனால் சாட்சியம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போவேன்" என்றேன். ஜட்ஜ் நீக்கவில்லை. அரசு வக்கீல், காரணம் சொல்லாமலே நீக்க ஒவ்வொரு தரப்புக்கும் இருக்கும் 15 வாய்ப்புகளில் ஒன்றை எனக்குச் செலவழித்தார். அவ்வளவுதான் என் கதை.

இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நம் ஆட்களின் வாட்ஸப் குழுக்களில், "எதிர்ப்பு என்று சொல்லு, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்று ஒரு யோசனை சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். சத்தியப் பிரமாணம் எடுத்துவிட்டுப் பொய் சொல்வது குற்றம். அதைவிட முக்கியம், தயங்குகிறவர்கள் எல்லாம் கழன்றுகொண்டால் மிச்சம் இருப்பது யார்? அப்புறம் இன்னொன்று. டெக்சாஸில் ஜூரியிடம் நேரடியாகத் தண்டனையைக் கேட்க மாட்டார்கள். 'இவரால் இனியும் சமூகத்துக்கு ஆபத்து உண்டா?' என்பது போன்ற கேள்விகள்தான் வரும். 'இல்லை' என்று எழுத பத்துப் பேர் ஒத்துப்போக வேண்டும் என்று ஜூரியிடம் சொல்வார்கள். ஆனால் ஒரே ஒருவர் மரணத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் உறுதியாக நின்றாலே முடிவு பரோல் இல்லாத ஆயுள் தண்டனைதான். அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். தெரிந்துகொண்டு போங்கள்.

பாஸ்டன் மீனா

சுந்தர் அண்ணா, சட்டம் சரி. ஆனால் ஊரே பாதிக்கப்பட்ட வழக்கில் என்ன செய்வீர்கள்? நாங்கள் பாஸ்டன் பக்கத்தில் வாட்டர்டவுனில் இருந்தோம். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, குண்டு வைத்த அண்ணன் தம்பியில் தம்பியைத் தேடி வீடு வீடாக வந்தார்களே, எங்கள் சமையலறைக்குள்ளும் துப்பாக்கியோடு வந்து பார்த்தார்கள். மகளுக்கு அப்போது ஆறு வயது, மேசைக்கு அடியில் இருந்தாள். 2015 ஜனவரியில் அதே வழக்குக்கு என் கணவருக்குச் சம்மன். 1,373 பேர் கேள்வித்தாள் நிரப்பினார்கள். அவன் அதே ஹாலில் முன்னால் உட்கார்ந்திருந்தானாம். 'பாரபட்சமில்லாமல் இருக்க முடியுமா?' என்ற கேள்விக்கு வந்ததும் இவருக்குப் பேனா ஓடவில்லை. கடைசியில் "முடியாது" என்று எழுதிவிட்டு வந்தார்.

வழக்கை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி எதிரித் தரப்பு (குற்றம் சாட்டப்பட்டவன் தரப்பு) கேட்டுக் கேட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. பிறகு என்ன ஆனது? ஊடகத்தில் எதைப் பார்த்தீர்கள் என்று ஜூரியிடம் சரியாகக் கேட்கவில்லை என்று 2020-ல் மேல்முறையீட்டில் மரண தண்டனை ரத்து. 2022-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024-ல் இரண்டு ஜூரிகளின் பாரபட்சத்தை விசாரிக்கச் சொல்லி மறுபடி கீழே அனுப்பினார்கள். குண்டில் கால் போனவர்கள் இத்தனை வருஷமும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலிலேயே வேறு ஊரில் நடத்தியிருக்கலாம்.

அட்லாண்டா குமார்

கேள்வியைப் பற்றியே பேசுகிறீர்கள், யாரை நீக்குகிறார்கள் என்று பாருங்கள். எங்கள் வரிசையில் ஒரு கறுப்பினப் பள்ளி ஆசிரியை. என்னைவிடத் தெளிவாக, "சட்டம் அனுமதித்தால் விதிப்பேன்" என்றார். நீக்கினார்கள். வெளியே காரிடாரில் கைப்பையை மூடிக்கொண்டே, "எனக்குத் தெரியும், இது எனக்கு முதல் தடவை இல்லை" என்றார்.

இனத்தை வைத்து நீக்கக் கூடாது என்று 1986-ல் பேட்சன் தீர்ப்பு வந்தாயிற்று. அடுத்த வருஷமே எங்கள் ஜார்ஜியாவில் ஃபாஸ்டர் வழக்கில் கறுப்பினத்தவரை ஒருவர் விடாமல் நீக்கிவிட்டு வேறு காரணங்கள் சொன்னார்கள். அரசுத் தரப்பின் பட்டியலில் அவர்கள் பெயர்களுக்குப் பச்சை மை பூசி, பக்கத்தில் 'பி' (Black) என்று போட்டிருந்தது பல வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் 7-1 என்று தீர்ப்பைத் தள்ளியது. அதுவரை அந்த ஆள் மரண தண்டனைக் கைதி.

ஜாக்சன்வில் அப்பா

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். என்னை நீக்கியது எதிரித் தரப்பு. ஒரு சின்னக் குழந்தை கொலையான வழக்கு. "குற்றம் நிரூபணமான பிறகு, அவருடைய சிறுவயதுக் கஷ்டங்களைக் கேட்டு எடைபோடுவீர்களா?" என்றார் எதிரித் தரப்பு வக்கீல் அம்மா. "மாட்டேன். குழந்தையைக் கொன்றவனுக்கு வேறு தண்டனை கிடையாது" என்றேன். எனக்கும் பெண் குழந்தை இருக்கிறது. உண்மையைத்தானே சொன்னேன்? பார்க்லாண்ட் பள்ளியில் பதினேழு பேரைக் கொன்றவனுக்கு மூன்று ஜூரிகள் மறுத்ததால் 2022-ல் ஆயுளோடு போயிற்று. அடுத்த வருஷமே ஃபிளாரிடாவில் மரண தண்டனைக்குப் பன்னிரண்டில் எட்டுப் பேர் போதும் என்று சட்டத்தை மாற்றினார்கள். அந்தப் பெற்றோர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

ஹூஸ்டன்வாசி

ஜாக்சன்வில் அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. குழந்தை என்றால் எனக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனால் மரண தண்டனையை ஆதரிப்பதற்காக உங்களை நீக்கவில்லை. கேட்கவே மாட்டேன் என்றீர்கள், அதற்காக நீக்கினார்கள். மார்கன் வழக்கில் 1992-ல் வந்த விதி அது. எல்லாம் கேட்டுவிட்டு, அதற்கு மேலும் மரணம்தான் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அது உங்கள் தீர்ப்பு, நான் மறுபேச்சு பேச மாட்டேன். அந்த எட்டுப் பேர் சட்டத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது. நான்கு பேர் வேண்டாம் என்கிறபோது ஒருவரைக் கொல்வது எப்படி அண்ணா சரியாகும்?