பனிக்கண்டத்து உயிர்களும் நாமும்: சேலத்துக்காரர்களின் அனுபவங்கள்

சூரமங்கலம், ஜெனரேட்டர் மெக்கானிக்

அண்டார்க்டிகாவில் 2012-இல் திறக்கப்பட்ட நம் பாரதி ஆய்வு நிலையத்தில் குளிர்காலக் குழுவோடு தங்கி ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொண்டவன் நான். ஊர் திரும்பியதும் "பென்குயினைத் தூக்கிக் கொஞ்சினாயா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஐந்து மீட்டருக்குள் நாம் நெருங்கவே கூடாது. அதுவாக வரலாம். தரையில் தன்னை வேட்டையாடும் மிருகம் எதையும் அது அறியாது, அதனால் பயமில்லாமல் வரும். வந்தால் அசையாமல் நின்று அதற்கு வழிவிட வேண்டும்.

புறப்படும் முன் உத்தராகண்டின் ஆலியில் பனிப்பயிற்சி கொடுத்தார்கள். அதைவிட என் மனத்தில் பதிந்தது விதைச் சோதனை. ஜாக்கெட்டின் ஒட்டுப்பட்டை, பை மடிப்பு, பூட்ஸின் அடிப்பள்ளம் எல்லாவற்றையும் தூசி உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்த பிறகே அங்கே இறங்க முடியும். அண்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் 1980-களில் வெளியிலிருந்து போன ஒரு புல் வேரூன்றிவிட்டது; அதைப் பிடுங்க இன்னும் பாடுபடுகிறார்கள். ஏற்காட்டுச் சரிவுகளை வெளியிலிருந்து வந்த உண்ணிச்செடி மூடிக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது சீல் என்னும் கடல் விலங்கு பற்றி. அக்டோபரில் கடல்பனியின் தடிமனைத் துளையிட்டு அளக்கப் போன விஞ்ஞானியோடு பனி வாகனத்தில் சென்றேன். குறித்து வைத்திருந்த பாதையின் குறுக்கே, பனி பிளந்த இடத்தில், வெடல் சீல் ஒன்று குட்டியோடு படுத்திருந்தது. குட்டி பிறந்து நாளாகியிருக்காது. பனியில் இரத்தக் கறை காயவில்லை. தாய் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. வண்டியை அங்கேயே நிறுத்தச் சொன்னார் குழுத் தலைவர். தாய் மிரண்டு துளைக்குள் இறங்கிவிட்டால் குட்டிக்குப் பால் இல்லை, அதற்கு நீந்தவும் தெரியாது. வந்த தடத்திலேயே திரும்பி, வெகுதூரம் சுற்றிப் போனோம். அன்று செய்ய வேண்டிய அளவீட்டில் பாதிதான் முடிந்தது. விஞ்ஞானி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றுதான்.

இந்த சீல் பனிக்கு அடியில் மூச்சு விட்டுப் பிழைப்பது எப்படித் தெரியுமா? துளை மூடிக்கொள்ளாதபடி பற்களால் பனியை ராவிக்கொண்டே இருக்கும். பல் தேய்ந்து மழுங்கிப் போனால் அதன் ஆயுளும் முடிகிறது. அப்படி வாழும் உயிரை நம் அவசரத்துக்காக எழுப்பி விரட்டுவது எந்த நியாயம்?

சமையலறையிலும் சட்டம் உண்டு. கோழி எலும்பு ஒன்றுகூட வெளியே விழக்கூடாது. ஸ்குவா பறவை தூக்கிப் போனால் கோழி நோய் காட்டுப் பறவைகளிடம் பரவும் என்பதால் மிச்சத்தை எரித்துவிடுவார்கள், அல்லது கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். பிறகு 2024 பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் அண்டார்க்டிகப் பெருநிலத்து ஸ்குவாக்களிடமே உறுதியானது. அது பறவைகளின் இடப்பெயர்ச்சியோடு போய்ச் சேர்ந்ததுதான். ஆனாலும் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆத்தூர், வளிமண்டல ஆய்வு மாணவி

அண்ணா, நான் போனது எதிர்முனை. ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008 முதல் இயங்கும் நம் ஹிமாத்ரி நிலையத்தில், காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அளந்தேன். ஊர் எல்லையைத் தாண்டினால் துப்பாக்கி ஏந்திய, பயிற்சி பெற்ற ஒருவர் கூட வர வேண்டும், பனிக்கரடிக்காக. சுடுவது கடைசி வழி. 1973 முதல் அங்கே கரடியை வேட்டையாடத் தடை. வீட்டுக் கதவுகளைப் பூட்டுவதில்லை, கரடி வந்தால் யாரும் எந்த வீட்டுக்குள்ளும் ஓடலாம்.

கரடியை நான் பார்க்கவில்லை. என்னைத் துரத்தியது ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவை. பாதையோரச் சரளையில் முட்டையிட்டிருந்தது. தலையில் கொத்த வந்ததும் குச்சியை உயர்த்திப் பிடித்தேன். மிக உயரமான முனையைத்தான் அது தாக்கும். இதே பறவை நம் குளிர்காலத்தில் நீங்கள் இருந்த அண்டார்க்டிகக் கடலுக்கு வந்துவிடுகிறது என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

ஏற்காடு, காபித் தோட்டம்

தம்பி, இங்கே விடியற்காலையில் காபிச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை நிற்கும். பழம் பறிக்க வந்த பெண்கள் கூடையை வைத்துவிட்டுப் பேசாமல் பின்வாங்குவார்கள்; அது போன பிறகுதான் வேலை. வெளியூர் வண்டிக்காரர்களோ இறங்கி அதனிடமே போய்ப் படம் எடுக்கிறார்கள். கூட வந்த நாயையும் அவிழ்த்து விடுகிறார்கள். உங்கள் பனிக்கண்டத்தில் நாய் உண்டா?

சூரமங்கலம், ஜெனரேட்டர் மெக்கானிக்

இல்லை ஐயா. முன்பு சறுக்குவண்டி இழுக்க வைத்திருந்தார்கள். நாயின் நோய் சீல்களுக்குத் தொற்றும் என்று அஞ்சி, அண்டார்க்டிகச் சூழலைக் காக்க 1991-இல் போட்ட மாட்ரிட் உடன்படிக்கையின்படி 1994 ஏப்ரலுக்குள் எல்லா நாய்களையும் வெளியேற்றிவிட்டார்கள். காட்டெருமைக்குச் சொன்னதுதான் கொண்டை ஊசி வளைவுகளில் பொரி வாங்கித் தின்னும் குரங்குகளுக்கும். அடிவாரத்தில் நின்று வண்டிகளிடம் இதைச் சொல்ல ஆட்கள் வேண்டும். ஞாயிறு காலைகளில் நான் வருகிறேன். தோட்டத்திலிருந்து இரண்டு பேரை அனுப்ப முடியுமா?